உப்பு போனாலும் போகாத போரான்

திருவனந்தபுரம் கரமனைவாசிகளுக்கு இந்தக் கவலை இல்லை. மலையிலிருந்து இறங்கும் கரமனை ஆறு அருவிக்கரை அணையில் தேங்கி நகரின் குழாய்களுக்கு வருகிறது. கோவளத்துக்கு அருகே கடலில் கலந்த பிறகுதான் கதை மாறுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் போரான். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரில் இருக்கும் அதே சரக்கு.

சென்னைக்குக் கடலும் குடிநீர்தான். 2010இல் மீஞ்சூரும் 2013இல் நெம்மேலியும் கடல்நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கின. உப்பை நிறுத்தும் சவ்வின் வழியே, மின்னேற்றம் இல்லாத போரிக் அமிலம் ஓரளவு நழுவிவிடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்ன வரம்பு 2.4 மில்லிகிராம். மனிதர் தாங்குவதை எலுமிச்சை தாங்காது. 1 மில்லிகிராமுக்குள்ளேயே அதன் இலை கருகத் தொடங்கும்.

வழி இருக்கிறது. குளுக்கமின் சேர்த்த பிசின் மணிகளின் ஊடே நீரை விட்டால், அவை போரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் அமிலத்தால் கழுவி, காரத்தால் பக்குவப்படுத்தி, மறுபடி பயன்படுத்தலாம். ஒவ்வொரு கழுவலுக்கும் காசு.

கரமனை ஆற்று நீருக்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் பட்டியலில் கரமனையும் இருந்தது.