கடை வரைபடத்தில் ஒரு நாற்காலி

மீன்சுருட்டியில் ஒருவர் புதிதாக ஜவுளிக்கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் தயார். அடுத்து யாரைக் கூப்பிடுவார்? ஆசாரி, அலுமினியம்-கண்ணாடி வேலை செய்பவர், எலெக்ட்ரீஷியன், போர்டு வைப்பவர். கும்பகோணத்தில் பார்த்த பெரிய கடை ஒன்றின் படத்தைச் செல்போனில் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். வேலை ஆரம்பமாகிவிடும்.

கடையை வடிவமைக்கவும் படிப்பு இருக்கிறது. பிள்ளைகள் "டிசைன் படிக்கிறேன்" என்றால் நாம் துணி டிசைன் என்றுதான் நினைக்கிறோம். சென்னை தரமணி நிஃப்ட்டில் உள்ள ஃபேஷன் கம்யூனிகேஷன் என்ற நான்காண்டுப் பட்டப்படிப்பில், கடையில் பொருளை எப்படிக் காட்சிக்கு வைப்பது, இடத்தை எப்படிப் பிரிப்பது என்பதும் பாடம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். என்.ஐ.டி. தன் பெங்களூரு வளாகத்தில் கடை வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு நடத்தியிருக்கிறது. செலவு லட்சங்களில் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். அது முடியாத வீடுகளுக்கு ஐ.டி.ஐ.யில் உள் அலங்காரம் என்ற ஓராண்டுப் பயிற்சி உண்டு.

என்ன கற்றுக்கொள்வார்கள்? அலங்காரம் கொஞ்சம்தான். பெரும்பகுதி, மனிதர்களைக் கவனிப்பது. அமெரிக்காவில் பேக்கோ அண்டர்ஹில் என்பவர் கடைக்கு வருகிறவர்கள் பின்னாலேயே ஆட்களை அனுப்பிக் குறிப்பெடுத்து, 1999-ல் அதைப் புத்தகமாக எழுதினார். வாசலைத் தாண்டிய முதல் சில அடிகளில் வைத்த பொருள் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது அவர் கண்டது. குனிந்து பார்க்கும் பெண்ணைப் பின்னால் போகிறவர் இடித்தால், பிடித்த பொருளைக்கூட விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார் என்பது இன்னொன்று. தீபாவளிக் கூட்டத்தில் நமக்கு நடப்பதுதானே!

இன்னொரு கணக்கு, படி. ஊரில் சாலை உயர உயரக் கடைத்தரையையும் உயர்த்திக் கட்டுகிறோம். ஒரு அடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. இரண்டடி உயர்த்திய கடைக்கு 24 அடி. அதற்கு வாசலில் இடம் ஏது? எனவே தரைமட்டம் போடும் முன்பே இதை யோசிக்கத் தெரிந்தவர் வேண்டும். கட்டிய பிறகு அழைத்தால் மூட்டுவலிக்காரப் பாட்டி வெளியேதான் நிற்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பழைய ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பில் விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார். பிறகு கவுண்டர் வந்தது, வாங்குபவருக்கு ஸ்டூல் வந்தது, விற்பவர் எழுந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேரளம் 2018-ல் கடை ஊழியர் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல், 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது.

சட்டம் வந்தும் பல கடைகளில் இருக்கை ஏன் இல்லை? முதலாளியின் மனசு ஒரு காரணம். ஆனால் ரேக்குக்கும் கவுண்டருக்கும் நடுவே ஒன்றரை அடி விட்டால் நாற்காலியை எங்கே போடுவது? காகிதத்தில் கோடு போடும்போதே விட வேண்டிய இடம் அது. கவுண்டருக்கு அடியில் மடங்கும் பலகை, ரேக் ஓரத்தில் சாய்ந்துகொள்ள ஒரு விளிம்பு என்று இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஒரு ஆசாரி செய்து தந்துவிடுவார், யாராவது வரைந்து கொடுத்தால்.

இந்தப் படிப்பில் ஆசை இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் பெண்ணையோ பையனையோ ஒரு சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாகத் தெரிந்த கடையில் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். வந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள், எங்கே இடித்துக்கொண்டார்கள், துணி எடுத்துப் போடும் அக்கா எத்தனை முறை எதன்மேல் சாய்ந்து நின்றார் என்று எழுதி வரட்டும். இரண்டு பக்கம் நிறைந்திருந்தால், நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தைப் பற்றி வீட்டில் பேசலாம்.