ஏரியும் எருவும்

வயலில் இட்ட எரு வயலோடு நின்றுவிடும் என்பது குடியானவர் பலரின் எண்ணம். பயிர் எடுத்துக்கொண்டது போக மிகுந்தது மண்ணிலேயே கிடக்கும், அடுத்த போகத்திற்கு உதவும், ஆகையால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று அவர்கள் சமாதானம் கொள்வதுண்டு. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பெரும்பாலும் உண்மையே, முழுவதும் உண்மையன்று. மழைநீரோடு ஓடிப்போகும் சிறு பகுதி குடியானவன் கணக்கில் ஒரு பொருட்டாகாது. ஆனால் அது சென்று சேரும் ஏரியின் கணக்கில் அதுவே மிகப் பெரிதாகும். இவ்வுண்மையை வெளிப்படுத்தியவை கனடா தேசத்தில் நடந்த ஏரிப் பரிசோதனைகளாம்.

கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் எல்லையாய் அமைந்த ஈரி என்னும் பேரேரி 1960களில் பாசி மண்டிப் பாழாயிற்று. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவழிந்து போவதால் மீன்களும் பிழைப்பது அரிதாயிற்று. இதற்குக் காரணம் யாது என்பதில் விவாதம் எழுந்தது. சாக்கடை நீரிலும் சலவைத்தூளிலும் உள்ள மணிச்சத்தே காரணம் என்றனர் சிலர். சலவைத்தூள் உற்பத்தியாளரும் அவர்களைச் சார்ந்தோரும் இதை மறுத்து, நீரிலுள்ள கரிச்சத்தே பாசியின் வளர்ச்சியை நிர்ணயிக்கிறது என்றனர். கண்ணாடிக் குடுவைகளில் செய்த சோதனைகளால் இவ்வழக்குத் தீரவில்லை.

அப்பொழுது டேவிட் ஷிண்ட்லர் (1940–2021) என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஏரிகளையே சோதனைக் களமாகக் கொண்டனர். ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் மக்கள் குடியேறாத காட்டுப் பகுதியில் இருந்த சிற்றேரிகள் பல, 1968-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 227-ஆம் எண் ஏரியில் 1969 முதல் மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்க்கப்பட்டன. அந்நீரில் இயற்கையாகவே கரிச்சத்து மிகக் குறைவு. ஆயினும் ஏரி பச்சையாயிற்று. வேண்டிய கரியைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து பாசி பெற்றுக்கொண்டது.

1973-ஆம் ஆண்டில் 226-ஆம் எண் ஏரியை அதன் குறுகிய இடைப்பகுதியில் ஒரு திரையினால் இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதியில் கரியும் தழைச்சத்தும் மட்டும் இடப்பட்டன. மறு பாதியில் அவற்றுடன் மணிச்சத்தும் சேர்ந்தது. மணிச்சத்துப் பெற்ற பாதி பாசியால் மூடப்பட்டது. மற்றப் பாதி தெளிந்தே நின்றது. விவசாய இலாகா ஒரே வயலை இரு பாத்தியாக்கி, ஒன்றில் எருவிட்டும் ஒன்றில் விடாமலும் காட்டும் செய்முறை விளக்கத்திற்கு இது ஒப்பானது. ஆகாயத்திலிருந்து எடுத்த அதன் புகைப்படம் பல நூற்பக்கங்களால் ஆகாத காரியத்தைச் செய்து முடித்தது.

தழைச்சத்தை நிறுத்தினால் பாசி அடங்குமா என்ற வினாவும் பின்னர் ஆராயப்பட்டது. 1990 முதல் 227-ஆம் ஏரிக்கு மணிச்சத்து மட்டுமே இடப்பட்டது. அப்பொழுதும் பாசி குறையவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசி அங்கே தழைத்தது. நெல் பயிரிடுவோர்க்கு இது புதுமையன்று. நெல்வயலில் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனைச் சேர்த்துத் தருவதை பி. கே. டே என்னும் வங்காள ஆராய்ச்சியாளர் 1939-ஆம் ஆண்டிலேயே காட்டியுள்ளார். வயலில் நண்பனாய் இருப்பதன் இனமே ஏரியில் பகையாகிறது. வேற்றுமை இடத்தினாலும் அளவினாலும் விளைவதே.

ஆராய்ச்சியின் பயன் விரைவில் கிட்டியது. கனடா 1970-ஆம் ஆண்டில் சலவைத்தூளிலுள்ள பாஸ்பேட்டுக்கு வரம்பு விதித்தது. 1972-ஆம் ஆண்டில் இரு தேசங்களும் பேரேரிகளின் நீரைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்டன. நகரங்களின் சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டது. 1980களில் ஈரி ஏரிக்கு வரும் மணிச்சத்து முன்னிருந்ததில் பாதிக்கும் குறைவாயிற்று, ஏரியும் தெளிந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்ததே விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பாசி மீண்டும் தோன்றியது. 2014 ஆகஸ்டு மாதத்தில் அவ்வேரியின் நீரை உண்ணும் டொலிடோ நகரத்தில், பாசியின் நஞ்சு குழாய் நீரில் கலந்துவிட, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சில நாட்கள் அந்நீரைக் குடிக்கலாகாதெனத் தடுக்கப்பட்டனர். அந்த நஞ்சு கொதிக்கவைப்பதால் நீங்குவதன்று. இம்முறை முக்கியக் காரணம் சாக்கடையுமன்று, சலவைத்தூளுமன்று. மாமீ என்னும் ஆற்றின் வழியாக வயல்களிலிருந்து கரைந்து வந்த எருவே பெரும்பங்காகும். அக்குடியானவர்கள் தீய எண்ணங்கொண்டோர் அல்லர். மண் அரியாதிருக்கப் பலர் உழவைக் குறைத்தனர், அது நற்செயலே. ஆனால் உழாத நிலத்தின் மேற்பரப்பில் தூவிய எரு உள்ளே இறங்காமல் நின்று, மழையில் கரைந்தோடியது ஒரு காரணமென ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

ஓடிப்போனது எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்றினால் அறியலாம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையொன்றில் உள்ள மணிச்சத்து, தனி பாஸ்பரஸாகக் கணக்கிட்டால், 10 கிலோவாகும். ஒரு கன மீட்டர் நீரில் பாஸ்பரஸ் 0.035 கிராமைத் தாண்டினால், அந்நீரைச் சத்து மிகுந்து பாசிக்கு இடமாகும் வகையில் கனடா அரசு சேர்க்கிறது. அவ்வண்ணமாயின், ஒரு மூட்டையிலுள்ள சத்து சுமார் 2,85,000 கன மீட்டர் தூய நீரை அந்நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஓர் ஆயக்கட்டில் நூறு பேர் மூட்டைக்கு நூற்றில் ஒரு பங்கு இழந்தால், எவர் பணப்பையும் அதனை உணராது. ஏரி உணரும். எனவே, தன் லாபநஷ்டத்தை மாத்திரம் பார்க்கும் குடியானவன் ஏரியைக் காப்பான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. தமிழ்நாட்டு ஏரிகள் ஆழமற்றவை, கோடையில் வற்றுபவை, கனடாவின் ஏரிகளைப் போன்றவை அல்ல என்பர். உண்மையே, அளவுகள் வேறுபடும். ஆயினும் பாசிக்கு மணிச்சத்து வேண்டும் என்னும் விதி இடத்திற்கிடம் மாறுவதன்று. மணிச்சத்தை மட்டும் தடுத்தால் போதாது, தழைச்சத்தையும் தடுக்கவேண்டுமென வாதிக்கும் விஞ்ஞானிகளும் உளர். அவ்வாறாயின் கவனம் இரட்டிப்பாக வேண்டுமேயன்றிக் குறையலாகாது. நகரத்துச் சாக்கடையை ஏரியில் விட்டுவிட்டுக் குடியானவனைக் குறை கூறலாமா என்பது மூன்றாவது ஆட்சேபம். இது முற்றிலும் நியாயமானது. ஈரி ஏரியிலும் முதலில் சாக்கடைக்கே அணை போட்டனர். ஆனால் பிறன் குற்றம் தன் குற்றத்திற்கு விடையாகாது.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. மண்ணைப் பரிசோதித்து, மணிச்சத்துப் போதுமான அளவு உள்ள நிலத்தில் வழக்கத்தை முன்னிட்டு மேலும் கொட்டாதிருத்தல் முதலாவது. மணிச்சத்தை அடியுரமாக இட்டு மண்ணோடு கலந்துவிடுதல் இரண்டாவது. பெருமழை வரும் குறி கண்டால் எருவிடுவதை ஒத்திவைத்தலும், எருவிட்ட வயலின் நீரை உடனே வடிக்காதிருத்தலும், வரப்புகளைச் செம்மையாக வைத்தலும் அடுத்தவை. இவற்றால் மகசூல் குறைய இடமில்லை; எருச் செலவே குறையும்.

கிராம அதிகாரிகளின் பங்கு இதனினும் பெரிது. எருக்குழிகள் வாய்க்காலோரத்தில் அமையாதபடியும், சாக்கடை ஏரியில் விழாதபடியும் பார்ப்பது அவர்கள் கையில் உள்ளது. வெங்காயத்தாமரை படர்ந்த ஏரியில் அதனை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டால், அழுகி அதன் சத்து மீண்டும் நீருக்கே திரும்பும்; தொலைவில் கொண்டுபோய் மக்கவைப்பதே முறை. ஏரியடியில் படிந்த வண்டலில் மணிச்சத்து தங்கி நிற்கிறது. பிராணவாயு குன்றிய காலத்தில் அது மீண்டும் நீரில் கலக்கும். ஆகவே, வரத்தை நிறுத்திய பின்னும் சில ஏரிகள் தெளியப் பல்லாண்டுகள் செல்லும். கோடையில் உரிய அனுமதி பெற்று வண்டலை எடுத்து வயலுக்கு அடிக்கும் பழைய வழக்கம், ஏரியின் கொள்ளளவைப் பெருக்குவதோடு, ஓடிப்போன சத்தை வயலுக்கே மீட்டுத் தருவதுமாகும். முன்னோர் ரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் இவ்வழக்கம் ரசாயனத்திற்கு மாறானதன்று.

எரு வாங்கியவன் பொருள். ஏரி ஊரின் பொருள். முன்னது எல்லை தாண்டிப் பின்னதைக் கெடுக்காதபடி காப்பதில் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் இந்தப் பருவத்திலேயே முனைவார்களாக.