குடியுரிமை வந்தது, காணி எங்கே?

திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் பஞ்சம் துரத்த, இலங்கை சென்று காட்டைத் தோட்டமாக்கியவன் தமிழ்த் தொழிலாளி. அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1948-இல் ஒரு குடியுரிமைச் சட்டம். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றோர்! 1947-இல் வாக்களித்தவனின் வாக்கும் பறிபோயிற்று.

1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எண்ணிப் பங்கிட அவர்கள் என்ன தேயிலை மூட்டைகளா? அம்மக்களின் சம்மதத்தைக் கேட்டது யார்? அந்தப் பழியில் டில்லிக்கும் பங்குண்டு.

எஞ்சியோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஆனால் காணி? தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் பலருக்கு அந்த மண் இன்னும் சொந்தமில்லை.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவூட்டி, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் நடந்த வழியே ஒரு நடைபயணம் நடந்தது. இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் முன்நின்றது.

"பாதிரிமாருக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர் சிலர் கேட்கலாம். மறுமையில் வீடு உண்டு, இம்மையில் அடங்கிக் கிட என்றால் எதிர்ப்போம். இம்மையிலேயே வீடும் நிலமும் கொடு என்று அரசைக் கேட்டால், நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?

ஆலயமணி ஆனாலென்ன, ஆலைச்சங்கு ஆனாலென்ன? உழைப்பவனுக்காக ஒலித்தால் அது நம் குரலே! காணி கைக்கு வரும்வரை ஒலிக்கட்டும்!