முதலில் தேடல், பிறகு பதிவு

2017 மார்ச் மாதம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், பிட்ஸ்பர்க் என்ற சிறு ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய தலைமை ஆசிரியர் ஒருவர் தேர்வானார். பள்ளியின் மாணவர் செய்தித்தாளான 'பூஸ்டர் ரீடக்ஸ்' அவரைப் பற்றி ஓர் அறிமுகக் கட்டுரை எழுதத் தொடங்கியது. முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றதாக அவர் சொன்ன பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை மாணவர்கள் தேடிப் போனார்கள். தளம் வேலை செய்யவில்லை. அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்ததற்கான சான்றும் கிடைக்கவில்லை. துபாயில் அவர் முன்பு பொறுப்பு வகித்த பள்ளியைப் பற்றி அங்குள்ள பத்திரிகையில் வந்த செய்திகளைத் தோண்டி எடுத்துப் படித்தார்கள். கடைசியில் அவரையே தொலைபேசியில் அழைத்து, கூட்டாக உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். மார்ச் 31 அன்று கட்டுரை வெளிவந்தது. ஏப்ரல் 4 அன்று அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

நாடு முழுவதும் இந்தச் செய்தி பரவியதற்குச் சமூக ஊடகம் ஒரு காரணம். செய்தியைக் கண்டுபிடித்ததில் அதற்குப் பங்கே இல்லை. கண்டுபிடித்தது தேடுபொறியும், பழைய செய்திகளும், தொலைபேசியும், 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளும்தான். மாணவர் இதழ்களை நடத்தும் பொறுப்பாசிரியர்களிடம் இந்த வரிசையைத்தான் வலியுறுத்த விரும்புகிறோம். இணையம் முதலில் தேடுவதற்கு, பிறகே பரப்புவதற்கு. நம் பள்ளிகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. 'டிஜிட்டல் இதழ்' என்றதும் இன்ஸ்டாகிராம் கணக்கு திறக்கப்படுகிறது. ஆண்டு விழா, விளையாட்டு விழா, மரம் நடு விழா என்று படங்கள் ஏறுகின்றன. பள்ளிக்கு விளம்பரம் தேவைதான், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்கு நாம் இதழியல் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் 12 மாநில மாணவர்களிடம் பெற்ற 7,804 விடைகளை அலசியது. நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், பணம் வாங்கிப் போட்ட விளம்பரக் கட்டுரையைச் செய்தி என்றே நம்பினார்கள். அது விளம்பரம் என்று அதிலேயே எழுதியிருந்தும் கவனிக்கவில்லை. அதே குழு அடுத்து, தகவல் சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தது. அறிமுகமில்லாத பக்கம் ஒன்று வந்தால் அவர்கள் அதில் நேரம் செலவழிப்பதில்லை. உடனே வெளியே வந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு இடங்களில் தேடுகிறார்கள். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பாடவேளையும் ஒரு கணினியும் போதும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை எடுத்து, கூகுளின் படத்தேடலில் போட்டு, அது முதலில் எந்த ஆண்டில் வெளியானது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய வெள்ளப் படம் புதிய வெள்ளமாகச் சுற்றுவதை ஒருமுறை தானே கையும் களவுமாகப் பிடித்த மாணவர், அதற்குப் பிறகு எதையும் கண்ணை மூடிக்கொண்டு பகிர மாட்டார்.

படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பொறுப்பாசிரியர்களுக்குப் படங்கள் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் வந்து சேர்கின்றன. படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடுகிறது; எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்ற உள்விவரங்களும் போய்விடுகின்றன. அதே கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் எல்லாம் அப்படியே வரும். சரிபார்க்க அந்த மூலக் கோப்பு வேண்டும். ஆகவே அதைப் பள்ளிக் கணினியில் சேமித்து வையுங்கள். வெளியிடும்போது அந்த உள்விவரங்களை நீக்கிவிடுங்கள், ஒரு பிள்ளையின் வீடு இருக்கும் இடம்கூட அதில் பதிவாகியிருக்கலாம்.

அடுத்தது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. நம் பள்ளி அட்டைகள் பலவற்றில் பெயர், வகுப்பு, அப்பாவின் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் அச்சிட்டிருக்கும். இன்றைய கைபேசிக் கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அத்தனையும் வாசிக்க முடியும். பரிசு வாங்கும் பிள்ளையின் படத்தைப் போடுகிறோம் என்று நினைத்து, அந்தக் குடும்பத்தின் தொலைபேசி எண்ணை ஊருக்கே கொடுத்துவிடுகிறோம். அட்டையைச் சட்டைப்பைக்குள் போடச் சொல்லிவிட்டுப் படம் எடுக்க, மாணவப் புகைப்படக்காரருக்கு முதல் நாளே பழக்குங்கள்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரணாக நடந்துகொண்ட குழந்தை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளமும் வெளியாவதைத் தடை செய்கிறது. 'பள்ளி' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தன் பள்ளியில் நடந்ததைத் தன் பள்ளி இதழின் பக்கத்திலேயே ஒரு மாணவர் எழுதும்போது, பெயரைச் சொல்லாவிட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இப்படிப்பட்டதே. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் ஆசிரியர் குழுவோடு உட்கார்ந்து இவ்விரு பிரிவுகளையும் வரிவரியாகப் படிப்பது அவசியம்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி வாயை அடைப்பதும் நடக்கிறது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் உயர்நிலைப் பள்ளியில், பள்ளி அலுவலர் ஒருவர் மீது மாநிலக் கல்வித்துறை சாட்டிய குற்றச்சாட்டுகளை மாணவர் இதழான 'தி ரெஜிஸ்டர்' தன் தளத்தில் வெளியிட்டது. தலைமை ஆசிரியர் உத்தரவிட, கட்டுரை நீக்கப்பட்டது. மாணவர் இதழ்களின் சுதந்திரத்தைக் காக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் முந்தைய ஆண்டுதான் நிறைவேறியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டுரை தளத்துக்குத் திரும்பியது. அச்சிட்டு விநியோகித்த தாளை வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்க முடியாது. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஒரு மாணவர் இதழின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கிறது. நம் நாட்டில் மாணவர் இதழ்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பொறுப்பாசிரியரின் முதுகெலும்பும், முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்ட விதிகளும் மட்டுமே துணை.

அந்த விதிகளில் நீக்கத்தைப் பற்றிய பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். பிழை வந்தால் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் என்ன தவறு, எது சரி என்று தேதியோடு திருத்தம் போட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மனம் திறந்து பேட்டி கொடுத்த பெண், வேலை தேடும் வயதில் வந்து 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கலாம். கட்டுரையை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் நீக்குவது எங்கள் பரிந்துரை. யார் முடிவெடுப்பது, எத்தனை நாளில் பதில் சொல்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

கடவுச்சொல் விஷயத்துக்கு வருவோம். கணக்கு மாணவரின் சொந்த எண்ணில் திறக்கப்பட்டிருந்தால், பிளஸ் டூ முடிந்து அவர் போனதும் இதழும் போய்விடும். ஆசிரியரின் சொந்த எண்ணில் இருந்தால் அவருடைய மாறுதலோடு போய்விடும். பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல், மீட்பு எண் பள்ளி அலுவலகத்தில், பதிவிடும் உரிமை மாணவர் ஆசிரியர் குழுவில் இருவருக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்த்த பிறகே அது வெளியே போக வேண்டும். பொதுத்தேர்வுப் பரபரப்பு தொடங்கும் முன், ஜனவரிக்குள் அடுத்த அணி பக்கத்தில் உட்கார்ந்து பழகி, பொறுப்பை வாங்கிக்கொள்ளட்டும்.