மாணவரா, தொழிலாளரா? வயலில் மாண்ட நேபாள இளைஞர்கள் விட்டுச்சென்ற வினா

2025 ஒக்ரோபர் 20ஆம் திகதி காத்மண்டு விமான நிலையத்தில் ஒரு பேழை வந்திறங்கியது. அதில் இருந்தது பிபின் ஜோஷி என்ற விவசாய மாணவரின் உடல். நவீன பயிர்ச்செய்கை முறைகளைக் கற்றுவருவதற்கென 2023 செப்ரெம்பரில் நேபாளத்திலிருந்து இஸ்ரேலுக்குப் புறப்பட்ட அவ்விளைஞர், அங்கு ஒரு மாதம் நிறைவுறுவதற்குள் பணயக் கைதியாகக் காசாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரை மீட்டுத் தருமாறு குடும்பத்தினர் இரண்டு ஆண்டுகளாகப் பல வாசல்களில் ஏறி இறங்கினர். போர்நிறுத்தம் ஏற்பட்டு, உயிருடனிருந்த இறுதி 20 பணயக் கைதிகளும் விடுவிக்கப்பட்ட ஒக்ரோபர் 13ஆம் திகதியன்றே அவரது உடலும் கையளிக்கப்பட்டது.

இச்செய்தியை உலக ஊடகங்கள் போரின் ஒரு துணைச் செய்தியாகக் கடந்துசென்றன. எமக்கு அது அவ்வாறு கடந்துசெல்லக் கூடியதன்று. ஒரு வறிய நாட்டின் பல்கலைக்கழக மாணவர், தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு போரின் எல்லைக்கோட்டில், ஒரு பழத்தோட்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரை அங்கு அனுப்பியவர் யார்? எந்தப் பெயரில் அனுப்பினர்? அரசியலை ஆராய்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.

அலுமிமில் நடந்தது

2023 ஒக்ரோபர் 7ஆம் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் தென் இஸ்ரேலினுள் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிடித்துச்செல்லப்பட்டனர். காசா எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுமிம் என்னும் கூட்டுப்பண்ணையில் அன்று நேபாளத்தின் தூர மேற்குப் பல்கலைக்கழக விவசாய மாணவர்கள் 17 பேர் தங்கியிருந்தனர். அவர்களில் 10 பேர் கொல்லப்பட்டனர். காயத்துடனோ காயமின்றியோ அறுவர் தப்பினர். எஞ்சிய ஒருவரே பிபின் ஜோஷி. பதுங்கிடத்தினுள் எறியப்பட்ட கைக்குண்டு ஒன்றை அவர் எடுத்து வெளியே வீசியதாலேயே சிலர் உயிர்தப்பினர் எனத் தப்பியவர்கள் கூறினர்.

அவ்வேளையில் இஸ்ரேலில் இத்தகைய திட்டத்தின் கீழ் இருந்த நேபாள மாணவர் தொகை 265. விவசாய, வனவியல் பல்கலைக்கழகத்திலிருந்து 119 பேரும், திரிபுவன் பல்கலைக்கழகத்திலிருந்து 97 பேரும், தூர மேற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து 49 பேரும் சென்றிருந்தனர். நேபாளத்தினர் மட்டுமல்லர், தான்சானியாவிலிருந்து விவசாயப் பயிற்சிக்கு வந்த கிளெமன்ஸ் மடெங்கா, ஜோசுவா மொல்லல் என்ற இருவரும் அதே தாக்குதலில் மாண்டனர். மொல்லல் இஸ்ரேலுக்கு வந்து மூன்று வாரங்களும் ஆகியிருக்கவில்லை. அவரது உடல் 2025 நவம்பரிலேயே திரும்பக் கிடைத்தது.

தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர் கொல்லப்பட்டனர்; அங்கிருந்த பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. இக்கட்டுரை அப்போரின் நியாய அநியாயங்களை எடைபோட முற்படவில்லை. இரு தரப்பிலும் சேராத ஒரு மூன்றாம் தரப்பினர் அங்கு எவ்வாறு வந்துசேர்ந்தனர் என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

தொழிலாளர் பற்றாக்குறையின் வரலாறு

கூட்டுப்பண்ணைகளை நிறுவிய முன்னோடிகள், தமது நிலத்தில் தாமே உழைக்கவேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தனர். காலப்போக்கில் அக்கொள்கை நெகிழ்ந்தது. 1967இன் பின்னர் மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் பலஸ்தீனர் கூலிகளாக வந்தனர். 1987இல் வெடித்த மக்கள் எழுச்சியும், அதனைத் தொடர்ந்த எல்லை மூடல்களும் அவ்வழியை நம்பமுடியாததாக்கின. 1990களில் அவர்களுடைய இடத்துக்குத் தாய்லாந்தினர் அழைக்கப்பட்டனர். 2023இல் ஏறத்தாழ 30,000 தாய்லாந்தினர் இஸ்ரேலிய வயல்களில் இருந்தனர்.

தாய்லாந்தினர் முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்தே வந்தார்கள். 2012 முதல் இரு அரசுகளுக்குமிடையிலான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அக்கட்டணம் வெகுவாகக் குறைந்தது. உடன்படிக்கையின் பயன் அதுவே. தொழிலாளர் என்று பெயர் சொல்லி அழைக்கும்போது, எத்தனை பேர், என்ன ஊதியம், யார் பொறுப்பு என்ற வினாக்களுக்கு விடை எழுதப்படவேண்டியுள்ளது.

இதற்கு இணையாகவே மற்றொரு வழியும் திறந்தது. அரவா பாலைவனத்தில் 1994இல் நிறுவப்பட்ட பயிற்சி நிலையம் உட்பட, ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் விவசாய மாணவரைப் பத்துப் பதினொரு மாதங்களுக்கு வரவழைக்கும் திட்டங்கள் தோன்றின. "கற்றுக்கொண்டே உழை" என்பது அவற்றின் சுலோகம். வழமையான ஒழுங்கு வாரத்தில் ஐந்து நாள் பண்ணை வேலை, ஒரு நாள் வகுப்பு. வேலைக்கு ஊதியம் உண்டு. அதிலிருந்து பயிற்சிக் கட்டணமும் தங்குமிடச் செலவும் கழிக்கப்படும். கையில் இருப்பது மாணவர் விசா. அந்த விசாவில் வருபவர் தொழிலாளர் உடன்படிக்கையின் பாதுகாப்புக்குள் வருவதில்லை.

ஐந்து நாள் உழைப்பவர் மாணவராகவும், ஒரு நாள் கற்பது கல்வியாகவும் கணக்கிடப்படும் இவ்விந்தை கவனிக்கப்படாமல் இருக்கவில்லை. இஸ்ரேலிய தொழிலாளர் உரிமை அமைப்புகள் இதனைக் கண்டித்துள்ளன. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஆட்கடத்தல் குறித்து ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளிலும், மாணவர் விசாவில் வருவித்துப் பண்ணை வேலையில் அமர்த்தும் போக்குப் பற்றி எச்சரிக்கப்பட்டுள்ளது.

மறுபக்கமும் உண்டு

நியாயமாகப் பேசுவதாயின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இஸ்ரேலிய விவசாயத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை என எவரும் கூறமுடியாது. 1965இல் ஹற்செரிம் கூட்டுப்பண்ணையில் தொடங்கிய சொட்டுநீர்ப் பாசனக் கைத்தொழில் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. வரண்ட பூமியில் ஒரு குடம் நீரைக் கணக்கிட்டுச் செலவிடும் அவ்வித்தை எமது வன்னிக்கும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கும் கூடப் பயன்படும். அத்துடன், பதினொரு மாதத்தில் ஒரு மாணவர் மிச்சம்பிடிக்கும் தொகை, நேபாளக் கிராமமொன்றில் அவரது தந்தை பல ஆண்டுகளில் காணாத தொகையாக இருக்கலாம். ஆகவேதான் இம்மாணவர்கள் விரும்பியே சென்றார்கள். அவர்களை ஏமாளிகள் என எண்ணுவது அவர்களை அவமதிப்பதாகும்.

வயலில் இறங்கி வேலை செய்வதும் கல்விக்கு இழுக்கன்று. கோதுமை ஆராய்ச்சிக்காக 1970இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற நோர்மன் போர்லாக், 1960களில் இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளின் இளம் விஞ்ஞானிகளை மெக்சிக்கோவுக்கு வரவழைத்துச் சேற்றிலும் வெயிலிலும் நிறுத்தியே பயிற்றினார். ஆனால் அவ்வயலில் அவர்கள் செய்தது ஆராய்ச்சி. அவர்களுக்கு மேலே நின்றவர் ஓர் ஆசிரியர். அவர்கள் நாடு திரும்பியபோது விதையையும் அதன் வித்தையையும் கொண்டுசென்றனர்.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனை எடுத்துக்கொள்வோம். 1949இல் யுனெஸ்கோ புலமைப்பரிசிலில் நெதர்லாந்தின் வாகனிங்கன் விவசாயக் கல்லூரிக்குச் சென்று உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம். அதன்பின் அமெரிக்காவின் விஸ்கொன்சின். அங்கு கிடைத்த பதவியை ஏற்காது 1954இல் இந்தியா திரும்பினார். அவர் காலமானது 2023 செப்ரெம்பர் 28ஆம் திகதி. சரியாக ஒன்பது நாட்களின் பின்னர் அலுமிமில் நேபாள மாணவர்கள் மாண்டனர். இருசாராரையும் நாம் "வெளிநாட்டில் விவசாயம் கற்கச் சென்றவர்" என்ற ஒரே சொற்றொடரால் குறிக்கின்றோம். ஆயினும் ஒருவருடைய நேரத்தைத் தீர்மானித்தது அவரது ஆராய்ச்சி. மற்றவர்களுடைய நேரத்தைத் தீர்மானித்தது அறுவடைக் காலம். வேறுபாடு இங்கேதான் உள்ளது.

பெயரில் உள்ள அரசியல்

இது இஸ்ரேலுக்கு மட்டும் உரியதென்று கருதுவதும் தவறு. யப்பான் 1993இல் "தொழில்நுட்பப் பயிற்சியாளர்" திட்டத்தை ஆரம்பித்தது. வளர்முக நாடுகளுக்கு அறிவை வழங்குவதே நோக்கம் என்றது. நடைமுறையில் முதுமையடைந்த தன் கிராமங்களின் வயல்களுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் ஆட்களைப் பெற்றது. பயிற்சியாளர் என்பதால் அவர்கள் தொழில்தருநரை மாற்ற முடியவில்லை. துன்பம் தாங்காது பல்லாயிரம் பேர் ஓடி மறைந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 ஜூனில், அத்திட்டத்தை நீக்கி, தொழில்தருநரை மாற்றிக்கொள்ள நிபந்தனைகளுடன் இடமளிக்கும் புதிய திட்டத்தை 2027இல் கொண்டுவர யப்பானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பெயர் பொய்யாக இருந்தது என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று.

தொழிலாளர் என்ற பெயர் உயிரைக் காத்துவிடும் எனவும் நாம் கூறவரவில்லை. ஒக்ரோபர் 7இல் கொல்லப்பட்ட தாய்லாந்தினர் 39 பேர். ஆயினும் பிடிபட்ட தாய்லாந்தினருக்காக அவர்களது அரசு தனிப்பட்ட பேச்சுவார்த்தை நடத்தியது. 2023 நவம்பரில் 23 பேரும், 2025 ஜனவரியில் மேலும் ஐவரும் உயிருடன் மீண்டனர். பல்லாயிரக்கணக்கான குடிமக்களை ஓர் உடன்படிக்கையின் கீழ் அனுப்பிய அரசுக்கு அவர்களை எண்ணிக் கேட்கும் கடமையும், கேட்கும் பலமும் இருந்தன. நேபாள அரசும் தன் மாணவரை விமானத்தில் மீட்டெடுத்தது; பிபின் ஜோஷிக்காகவும் குரல் கொடுத்தது. ஆனால் அக்குரலுக்கு அந்தப் பலம் இருக்கவில்லை.

இக்கட்டுரையாளர் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்ற வகையில், இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. மாணவரை அனுப்பும் கடிதத்தில் ஒப்பமிடும் பல்கலைக்கழகம் எதற்குப் பொறுப்பேற்கின்றது? தனது மாணவர் எந்தப் பண்ணையில், எல்லையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் தொலைவில் தங்கவைக்கப்படுகின்றார் என்பதை அது கேட்டறிய வேண்டாமா? தனது விரிவுரையாளர் ஒருவரையேனும் அங்கு அனுப்பி, நடப்பது கல்விதானா எனப் பார்க்கவேண்டாமா? ஒப்பமிட்டவர் பொறுப்பிலிருந்து விலகிநின்றால், அப்பல்கலைக்கழகமும் ஒரு வேலைவாய்ப்பு முகவர் நிலையமாகி விடுகின்றது.

எமக்கு இதில் என்ன?

தாக்குதலின் பின்னர் தாய்லாந்தினர் பல்லாயிரம் பேர் நாடு திரும்பினர். பலஸ்தீனருக்கு வேலை அனுமதி நிறுத்தப்பட்டது. வெற்றிடத்தை நிரப்ப ஆள் தேடப்பட்டது. 2023 நவம்பரில் மலாவியிலிருந்து 221 இளைஞர் விமானத்தில் ஏற்றப்பட்டனர். அதே மாதத்தில், 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்ப இலங்கை அரசு உடன்பட்டது. ஒக்ரோபர் 7இல் இலங்கையர் இருவர் கொல்லப்பட்டு ஒரு மாதமே கடந்திருந்த வேளை அது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் எப்படியாயினும் வெளியேறினாற் போதும் என்ற நிலையிலுள்ள இளைஞர்களுக்கு அது வரமாகவே தோன்றியிருக்கும்.

கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உள்ளது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய பீடம் உண்டு. அங்கு கற்கும் பிள்ளைகளின் மாமன், சித்தப்பா, அக்கா எனப் பலர் இப்பத்திரிகையின் வாசகர்கள். "ஒரு வருடப் பயிற்சி, சம்பளமும் உண்டு, முகவருக்குக் காசு கட்டவேண்டும்" என்று ஊரிலிருந்து தொலைபேசி வரும்போது, அக்காசை அனுப்புபவர்களும் நீங்களே. அனுப்புமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு, எத்தனை நாள் வேலை? முடிவில் கிடைக்கும் சான்றிதழை ஊரிலுள்ள பல்கலைக்கழகம் ஏற்குமா? வேலைத்தலம் பொருந்தாவிடில் விசாவை இழக்காமல் மாற முடியுமா? ஏதேனும் நேர்ந்தால் ஈடு வழங்கவேண்டியவர் யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? இந்நான்குக்கும் எழுத்தில் விடையில்லையெனின், அது கல்வியன்று, கூலி வேலை. கூலி வேலைக்குப் போவதும் இழிவன்று. ஆனால் கூலிக்குரிய உரிமைகளோடு போகவேண்டும்.

ஒரு தாளில் எழுதப்படும் ஒரு சொல் மனிதனின் வாழ்வை எவ்வாறு தீர்மானிக்கும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அகதி, விருந்தினர், சட்டவிரோதக் குடியேறி, தற்காலிக வதிவாளர் என அலுவலகங்கள் எமக்கு இட்ட பெயர்களுக்கேற்பவே எமது பிள்ளைகளின் பாடசாலையும், எமது மருத்துவமும், எமது உறக்கமும் அமைந்தன. அந்த நேபாள இளைஞர்களுக்கு மாணவர் என்று பெயரிட்டு, தொழிலாளரின் வேலையை வாங்கினார்கள். பெயரையும் வேலையையும் ஒன்றாக்குவது அரசுகளுக்குக் கடினமான காரியமன்று. அதனை வற்புறுத்திக் கேட்பதற்கு, அனுப்பும் நாடுகளின் பல்கலைக்கழகங்களும் பெற்றோரும், பணம் அனுப்பும் நாமும் இனியேனும் முன்வரவேண்டும்.