விரலுக்கேற்ற வீக்கம் கணனிக்கும் வேண்டும்

கடைக்கு லொறி வாங்கும் வியாபாரி எத்தனை விடயங்களை விசாரிப்பார்! எவ்வளவு பாரம் இழுக்கும், டயர் என்ன அளவு, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று நாலு பேரிடம் கேட்காமல் முற்பணம் கொடுக்க மாட்டார். அதே வியாபாரி கணனி வாங்கப் போனால், "நல்லதாகப் பார்த்துப் போட்டுத் தாங்க தம்பி" என்று கூறிவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறார்.

இப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள இதுவே தருணம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. அதனால் பழைய கணனியை மாற்றும் நிலைக்குப் பல கடைகள் தள்ளப்பட்டன. அதே காலப்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெரும் கேள்வியால் ரெம் எனப்படும் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. பொருத்தமற்ற ரெம்மை வாங்குவது இனிச் சிறிய நட்டமல்ல.

எனக்குத் தெரிந்த ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர் 2021இல் புதுக் கணனி ஒன்றைப் பொருத்துவித்தார். புரொசெசர் இன்டெல் கோர் ஐ3 10100, மதர்போட் எச்410. அதற்கு 3600 வேகம் கொண்ட, விளக்கு மினுங்கும் 8 ஜீ.பி. ரெம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சாதாரண ரெம்மை விட விலை அதிகம். சில மாதங்களில் பில் போடும் மென்பொருளும் கமராக் காட்சியும் இணையப் பக்கங்களும் ஒன்றாகத் திறந்திருந்தால் கணனி திணறியது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, பில் வெளிவரவில்லை.

பழுது எதுவும் இல்லை, பொருத்தம்தான் பிழை. அந்தப் புரொசெசர் ஏற்கும் உச்ச வேகம் 2666. அந்த மதர்போட்டில் 3600 ரெம்மைச் செருகினாலும் அது 2666க்கு மேல் ஓடாது. வேகத்துக்குக் கொடுத்த மேலதிகக் காசு வீண். அவருக்குத் தேவைப்பட்டதோ வேகமல்ல, கொள்ளளவு. பின்னர் சாதாரண 2666 ரெம் 8 ஜீ.பி. ஒன்றை மற்றைய துவாரத்தில் சேர்த்தபோது சிக்கல் தீர்ந்தது. முதலிலேயே சாதாரண ரெம் இரண்டைப் போட்டிருந்தால் அலைச்சலும் செலவும் மிஞ்சியிருக்கும்.

இதற்கான காரணம் எளிது. ரெம்மைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்னர் மதர்போட்டில் இருந்தது. ஏ.எம்.டி. 2003இலும் இன்டெல் 2008இலும் அதனைத் தமது மேசைக் கணனிப் புரொசெசருக்குள் கொண்டுவரத் தொடங்கின. ஆகவே எந்த ரெம், எந்த வேகம் என்பதை முதலில் தீர்மானிப்பது புரொசெசர், அடுத்தது மதர்போட்.

இன்டெல் கோர் ஐ5 12400 டீ.டீ.ஆர். 4, டீ.டீ.ஆர். 5 இரண்டையும் ஏற்கும். ஆனால் வாங்கும் மதர்போட் பொதுவாக இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உரியது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜீ டீ.டீ.ஆர். 4 மட்டுமே ஏற்கும். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை மேசைக் கணனிகளுக்கு டீ.டீ.ஆர். 5 மட்டுமே. இரு வகை ரெம்களிலும் 288 ஊசிகள் இருந்தாலும் நடுவெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது.

16 ஜீ.பி. தேவையானால் ஒன்றாக வாங்காமல் 8 ஜீ.பி. இரண்டாக வாங்குவதே என் சிபாரிசு. ஒரு வாசலில் ஏற்றும் சரக்கை இரு வாசல்களில் ஏற்றுவது போல, புரொசெசர் இரு வழிகளால் தரவைப் பெறும். தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணனிகளில் இதன் பயன் நன்கு தெரியும். துவாரங்கள் இரண்டே இருந்து, பின்னர் கூட்டும் எண்ணமும் இருந்தால் மட்டும் 16 ஜீ.பி. ஒன்றுடன் தொடங்கலாம். வெவ்வேறு வேக ரெம்களைக் கலந்தால் குறைந்த வேகத்துக்கே எல்லாம் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலிவு என்று சேர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் வகை ரெம்மை வாங்கிவிடாதீர்கள். சாதாரண மேசைக் கணனியில் அது வேலை செய்யாது.

கணனி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலைமனுவில் "16 ஜீ.பி. ரெம்" என்று மட்டும் எழுதுவது, "அரிசி ஒரு மூடை" என்று எழுதுவதற்குச் சமம். சம்பாவா நாட்டரிசியா என்று கேட்காமல் யார் வாங்குவார்? வகை, வேகம், எத்தனை துண்டு, உத்தரவாதக் காலம் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களும் அந்த நான்கையும் எழுத்தில் பெறாமல் காசைக் கொடுக்க வேண்டாம். லொறிக்குச் செலவிடும் விசாரணையில் பத்து நிமிடத்தைக் கணனிக்கும் கொடுத்தால் போதும்.