ஆற்றுக்கும் மூச்சு உண்டு

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள் நம் பெரியவர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளித்தது, துணி துவைத்தது, தூண்டில் போட்டது எல்லாம் ஆற்றில்தான். இன்று வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதுவும் ஆற்றுத் தண்ணீர்தான். மலேசியாவில் குழாய்க்கு வரும் நீரில் மிகப் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

சில நாட்களில் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு நீரின் மேல்மட்டத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வோம். பல சமயங்களில் காரணம் விஷமல்ல, மூச்சுத் திணறல்!

மீனுக்கும் நம்மைப் போலப் பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. அழுகக்கூடிய பொருள் எது நீரில் சேர்ந்தாலும் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை இந்தப் பிராணவாயுவையும் எடுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மிச்சம் ஏது?

நமக்குப் பழக்கமான செம்பனை எண்ணெய் ஆலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை டன் கழிவு நீர் வெளியாகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் பழத்தின் சாறும் நாரும் மிஞ்சிய எண்ணெயும்தான். ஆனால் சுத்தம் செய்யாத அந்தக் கழிவு ஒரு லிட்டர் அழுகுவதற்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 லிட்டருக்கு மேற்பட்ட ஆற்று நீரின் மூச்சை ஒரே லிட்டர் கழிவு குடித்துவிடும்!

இதைத் தடுக்கவே 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1984-இல் 100 ஆனது. ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் குளங்கள் இதற்காகத்தான். கழிவு அங்கேயே அழுகித் தெளிந்த பிறகே வெளியேற வேண்டும். குளம் தூர்ந்து போனாலோ, பெருமழையில் கரை வழிந்தாலோ, பாதிக்கப்படுவது ஆறுதான்.

ஆறு கெட்டால் பட்டணமும் தவிக்கும். 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் ஆலைக் கழிவு கலந்தது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சுமார் 12 லட்சம் குழாய் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளியோடு லாரிக்குக் காத்து நின்றவர்களில் நம்மவர்களும் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

மருந்தடிக்கும் சகோதரிகளே! வேலை முடிந்ததும் தோம்பையோ உடுப்பையோ ஓடையில் கழுவாதீர்கள். காலி மருந்துப் போத்தலை மூன்று முறை அலசி, அந்த நீரை மருந்தோடு சேர்த்தே அடித்துவிடுங்கள். போத்தலில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். வீட்டில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள்.

ஆறு கறுத்தாலோ மீன் செத்து மிதந்தாலோ பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். தோட்டத்திலேயே வேலை செய்துகொண்டு எப்படிப் புகார் சொல்வது என்ற பயம் நியாயமானதே. தனியாகப் போக வேண்டாம். நாலு குடும்பம் சேர்ந்து தொழிற்சங்கத்தின் வழியாகச் சொல்லுங்கள். ஆறு ஒருவர் சொத்தல்ல. ஆகவே அதற்காகப் பேசுவதும் ஒருவர் வேலையல்ல.